ஹரிக்கேன் வரும் முன்: முதலில் தண்ணீர், அடுத்துதான் காற்று

கேட்கப்பட்டது இது: புளோரிடாவில் டாம்பா விரிகுடாப் பக்கம் இந்த ஆண்டுதான் குடிவந்திருக்கிறோம். வாடகை வீடு. நாலு வயதுப் பையன் இருக்கிறான். ஊரிலிருந்து அம்மா வந்து தங்கியிருக்கிறார். அவருக்குச் சர்க்கரை, தினமும் இன்சுலின். மெக்சிகோ வளைகுடாவில் ஹரிக்கேன் ஒன்று உருவாகலாம், இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

தண்ணீர் பாட்டில் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் முதலில் கடைக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் அதற்கு முன் உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) இணையதளத்தில் வீட்டு முகவரியைப் போட்டு, எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஏ, பி, சி என்று எழுத்துகளில் சொல்வார்கள். ஏ என்றால் கடல் முதலில் ஏறும் இடம். முதலில் காலிசெய்யச் சொல்வதும் அங்கேதான். எழுத்து எதுவும் வராவிட்டால் உங்கள் வீடு கடல்நீர் எட்டும் பகுதிக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏஇ, எக்ஸ் என்று அதில் வரும் எழுத்துகள் வெள்ளக் காப்பீட்டுக்கானவை. ‘எங்கள் வீடு எக்ஸ், பயமில்லை’ என்று வெளியேற்ற மண்டலம் பி-யில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

மற்ற ஏற்பாடு எல்லாமே அந்த ஓர் எழுத்தைப் பொறுத்துத்தான் அமையும். காரணம், டிவியில் ஓயாமல் சொல்லும் ‘கேட்டகரி 3’, ‘கேட்டகரி 4’ என்பது காற்றின் வேகத்தை மட்டும் அளப்பது. மணிக்கு 74 மைல் தொட்டால் ஹரிக்கேன், 111 தொட்டால் கேட்டகரி 3, 157 தொட்டால் 5. கடல் எவ்வளவு ஏறும், மழை எவ்வளவு கொட்டும் என்பது அந்த எண்ணில் இல்லை. ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் இந்தப் புயல்களால் நேரடியாக இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தண்ணீரில் போனவர்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொண்டுபோனது கடல் ஏற்றம், அதாவது ஸ்டார்ம் சர்ஜ். அடுத்த பத்து ஆண்டுகளில் மழைவெள்ளம் அதை முந்திவிட்டது.

உங்கள் பகுதியிலேயே 2024-ல் பதினைந்து நாளுக்குள் இரண்டு பாடம் நடந்தது. செப்டம்பர் 26-ல் ஹெலீன் என்ற ஹரிக்கேன், டாம்பாவுக்கு நூறு மைலுக்கும் அப்பால் கடலிலேயே வடக்கே போய், புளோரிடாவின் வடமேற்கே கரை வளையும் பிக் பெண்ட் பகுதியில் கேட்டகரி 4 ஆகக் கரையேறியது. டாம்பாவில் காற்று அப்படி ஒன்றும் பயங்கரமில்லை. ஆனால் விரிகுடாவில் கடல் பல பத்தாண்டுகளில் காணாத உயரத்துக்கு ஏறி, கரையோர வீடுகளுக்குள் இரவோடிரவாகப் புகுந்தது. விரிகுடாவின் மேற்குப் பக்கம் உள்ள பினெலஸ் கவுண்டியில் உயிர்கள் போயின. அக்டோபர் 9-ல் மில்டன். நேராக டாம்பாவுக்குத்தான் என்று எல்லோரும் நடுங்கினார்கள். அது தெற்கே சரசோட்டா பக்கம் சியெஸ்டா கீயில் ஏறியது. புயல் உங்களுக்குத் தெற்கே கரையேறினால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். விரிகுடாத் தண்ணீரை அது வெளியே தள்ளிவிட்டது. பதிலுக்கு மழை பிடித்துக்கொண்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல். புயல் எந்தப் பக்கம் கடக்கிறது என்பதில் சில பத்து மைல் வித்தியாசம் வந்தால் கதையே மாறிவிடும், அந்த வித்தியாசம் கடைசி நாள்வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

இதனால்தான் வரைபடத்தில் வரும் கூம்பை நம்பி முடிவெடுக்கக் கூடாது. தேசிய ஹரிக்கேன் மையம் வெளியிடும் அந்தக் கூம்பு, புயலின் மையப்புள்ளி எங்கே போகலாம் என்பதை மட்டும் காட்டுகிறது. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு அதற்கு வெளியே போவதற்கும் உண்டு. புயலின் அகலம் அதில் கிடையாது. கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கி, காலையில் முழங்கால் தண்ணீரில் எழுந்தவர்கள் நிறைய. நீங்கள் பார்க்க வேண்டிய படங்கள் வேறு இரண்டு. ஒன்று, பலத்த காற்று, அதாவது 39 மைல் வேகக் காற்று, உங்கள் இடத்துக்கு எப்போது வரும் என்று காட்டுவது. இன்னொன்று, கடல் எத்தனை அடி ஏறும் என்று காட்டுவது. இரண்டும் அதே மையத்தின் பக்கத்தில் கிடைக்கும். காலை 5, பகல் 11, மாலை 5, இரவு 11 என ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய அறிக்கை வரும். அதற்கு நடுவே வாட்ஸ்அப்பில் வரும் சிவப்பு நிறக் கணினிப் படங்களைத் தயவுசெய்து பார்க்காதீர்கள். ஏதோ ஒரு மாடல் ஓட்டியதில் வந்த ஒரு கோட்டை எடுத்துப் பரப்புவார்கள்.

உங்கள் கெடு எது தெரியுமா? புயல் கரையேறும் நேரம் இல்லை. அந்த 39 மைல் காற்று வரும் நேரம். அதற்குப் பிறகு ஏணியில் ஏற முடியாது, பாலங்களை மூடத் தொடங்குவார்கள். டாம்பா விரிகுடாவைக் கடக்கும் சன்ஷைன் ஸ்கைவே பாலம் ஏறக்குறைய அந்த வேகத்திலேயே மூடப்படும். பினெலஸ் ஒரு தீபகற்பம், பாலங்கள் மூடினால் வடக்கே போகும் சாலைகள்தான் மிச்சம். வாட்ச் (ஹரிக்கேன் வரக்கூடும்) என்று அறிவித்தால் அந்தக் காற்றுக்கு ஏறத்தாழ 48 மணி நேரம் இருக்கிறது, வார்னிங் (வரும் என்றே எதிர்பார்க்கிறார்கள்) என்றால் 36. இரவையும் நெரிசலையும் கழித்துவிட்டால் 36 மணி நேரம் என்பது ஒன்றரைப் பகல்தான்.

சரி, போவதா இருப்பதா? ஏ அல்லது பி மண்டலம் என்றாலும், மொபைல் ஹோம் (தயாராகச் செய்து கொண்டுவந்து நிறுத்தும் லேசான வீடு) என்றாலும், உத்தரவு வந்ததும் கிளம்பிவிடுங்கள். உங்கள் விஷயத்தில் வயதான அம்மாவும் குழந்தையும் இருப்பதால் உத்தரவுக்கு அரை நாள் முன்பே கிளம்பினாலும் தப்பில்லை. ஆனால் ஜார்ஜியாவுக்கும் டென்னசிக்கும் ஓட வேண்டியதில்லை. 2017-ல் இர்மா புயல் வந்தபோது புளோரிடாவில் 68 லட்சம் பேர் வரை காலிசெய்யச் சொல்லப்பட்டார்கள். நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன, பெட்ரோல் தீர்ந்தது. 2005-ல் ரீட்டா புயலுக்குப் பயந்து டெக்சாஸில் ஹூஸ்டன் மொத்தமும் கிளம்பியபோது, புயலில் இறந்தவர்களைவிட வழியில் வெயிலிலும் விபத்திலும் இறந்தவர்களே அதிகம். தப்ப வேண்டியது தண்ணீரிலிருந்து. அதற்கு உள்நாட்டுப் பக்கம் முப்பது, நாற்பது மைலில், எந்த மண்டலத்திலும் வராத உறுதியான வீட்டில் இருக்கும் ஒரு நண்பர் போதும். இன்றே பேசி வையுங்கள். ‘நாலு பேர் வருவோம், அரிசி பருப்போடு வருவோம்’ என்று முன்கூட்டிச் சொல்பவரை யாரும் வேண்டாம் என்பதில்லை. மலைப்பக்கம் போய்விட்டால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம்: ஹெலீனின் மழையில் வட கரோலைனா மலைப்பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மண்டலத்துக்கு வெளியே, ஓரளவு புதிய கட்டடத்தில் இருக்கிறீர்கள் என்றால் வீட்டிலேயே இருப்பது நல்ல முடிவாக இருக்கலாம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் நாகப்பட்டினம், கடலூர், சென்னைப் புயல்களைப் பார்த்தவர்கள்; ‘எவ்வளவோ பார்த்தாச்சு’ என்ற தைரியம் இருக்கும். அந்தத் தைரியம் கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் இருந்து வந்தது. இங்கே சுவர் செங்கல் போலத் தெரிந்தாலும், கூரை மரச்சட்டத்தில் நிற்பது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். வீட்டின் பெரிய துளை ஒன்று உடைந்து காற்று உள்ளே புகுந்தால், அது உள்ளிருந்து கூரையை மேலே தள்ளும், வெளியே ஓடும் காற்று மேலிருந்து இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கூரை போய்விடும். அந்தப் பெரிய துளை பெரும்பாலும் ஜன்னல்கூட இல்லை, கராஜ் கதவு. அகலமான மெல்லிய தகடு, நடுவில் தாங்கல் கிடையாது. காற்றைத் தாங்கும் வகைக் கதவா, குறுக்குச் சட்டம் பொருத்த வழி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஜன்னல்களுக்கான உலோகத் தகடுகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, திருகுகள் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பல வாடகை வீடுகளில் கராஜ் மூலையில் தகடுகள் சாத்தி இருக்கும், திருகு மட்டும் ஒன்றுகூட இருக்காது.

ஜன்னலில் குறுக்காக டேப் ஒட்டுவது வீண் வேலை. உடைவதை அது தடுக்காது. கண்ணாடி பெரிய பெரிய துண்டாகப் பறக்கத்தான் உதவும். அழுத்தம் சமமாகட்டும் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பது அதைவிட மோசம். மாறாக, உள்ளறைக் கதவுகளை எல்லாம் சாத்தி வையுங்கள். காற்று புகுந்தாலும் ஓர் அறைக்குள் அடங்கும், கூரைக்கு மேல்நோக்கிப் போகும் விசை கணிசமாகக் குறையும். செலவே இல்லாத வேலை, பலருக்குத் தெரிவதில்லை. வெளியே கிடக்கும் பூந்தொட்டி, நாற்காலி, குப்பைத்தொட்டி, குழந்தையின் சைக்கிள் எல்லாம் உள்ளே வரட்டும். உங்களிடம் மின்சாரக் கார் இருந்து, கடல்நீர் ஏறும் இடம் என்றால் அதை மேட்டில், வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். உப்புநீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். 2022-ல் வந்த இயன் புயலுக்கும் ஹெலீனுக்கும் பிறகு இங்கே அப்படி வீடுகளே எரிந்திருக்கின்றன.

இனி அம்மா. என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் தண்ணீர் பாட்டிலைவிட அவசரமான வேலை அவருடைய மருந்து. கையிருப்பு இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊர் மருத்துவர் எழுதிய சீட்டை இங்குள்ள பார்மசி ஏற்காது. எனவே குறைவாக இருந்தால் இன்றோ நாளையோ முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய ஒரு வாக்-இன் கிளினிக்கில் காட்டி இங்கேயே சீட்டு வாங்கிவிடுங்கள். புயலுக்கு முதல் நாள் அந்தக் கிளினிக்குகளும் பூட்டிவிடும். உங்கள் சொந்த மருந்துகளுக்கு, ஹரிக்கேன் வார்னிங் உள்ள கவுண்டியில் தேதிக்கு முன்பே 30 நாள் மருந்து வாங்கப் புளோரிடா சட்டம் இடம் தருகிறது, கேட்டால் தருவார்கள்.

மின்சாரம் போனால் இன்சுலின் வீணாகிவிடும் என்று பதறி, அதை ஐஸ்கட்டிமேல் நேராக வைப்பவர்கள் உண்டு. உறைந்த இன்சுலின்தான் உண்மையில் குப்பைக்குப் போக வேண்டியது. பெரும்பாலான இன்சுலின் வகைகள் ஃபிரிட்ஜுக்கு வெளியே, 86 ஃபாரன்ஹீட், அதாவது 30 செல்சியஸ் வரை, சுமார் 28 நாள் தாங்கும். பிரச்சினை என்னவென்றால், ஏசி இல்லாத புளோரிடா வீடு இரண்டாம் நாளே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். மண்பானைத் தத்துவத்தில், தண்ணீரில் நனைத்தால் ஆவியாகிக் குளிரும் உறைகள் கிடைக்கின்றன, ஒன்று வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஐஸ்பெட்டியில் துணி சுற்றி, ஐஸைத் தொடாமல் வையுங்கள். ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி, அதன் பட்டைகள், சர்க்கரை இறங்கினால் கொடுக்கக் கொஞ்சம் சர்க்கரை அல்லது ஜூஸ், எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அந்தப் பை எப்போதும் உங்கள் கையில்.

சூடு என்று சொன்னேன், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இர்மா கடந்த பிறகு புளோரிடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏசி நின்றுபோய், புயல் ஒன்றுமே செய்யாத கட்டடத்துக்குள் முதியவர்கள் சூட்டிலேயே இறந்தார்கள். ஆகவே நீங்கள் வீட்டிலேயே தங்கினாலும், மின்சாரம் இரண்டு நாளில் வராவிட்டால் அம்மாவை எங்கே அழைத்துப் போவது என்பதற்கு ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். மருத்துவத் தேவை உள்ளவர்களுக்குக் கவுண்டிகள் தனித் தங்குமிடம் நடத்துகின்றன. அதற்கு முன்பதிவு வேண்டும், இன்றே செய்யலாம்.

குடிநீர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், ஏறக்குறைய 3.8 லிட்டர், ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நாலு பேருக்கு 28 கேலன். அத்தனையும் பாட்டிலாக வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் சுத்தமான பாத்திரம், குடம் எல்லாவற்றிலும் குழாய்த் தண்ணீரை இன்றைக்கே பிடித்து மூடிவைத்தால் அதே தண்ணீர்தான். குளியல் தொட்டியை நிரப்பினால் கழிப்பறைக்கு ஆகும். ஆனால் நாலு வயதுப் பையன் இருக்கும் வீடு, அந்தக் கதவு பூட்டியே இருக்கட்டும். வாட்டர் ஹீட்டர் தொட்டியில் 40, 50 கேலன் சும்மா நிற்பதையும் மறக்காதீர்கள். சாப்பாட்டுக்கு, அடுப்பு இல்லாமல் ஆகக்கூடியவை: அவல், ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், பழம், டப்பாவில் வரும் கடலை. பெரும்பாலான வீடுகளில் மின் அடுப்புதான், அது கரண்ட்டோடு போய்விடும். ஃபிரிட்ஜை மூடியே வைத்தால் 4 மணி நேரம், நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. இருக்கும் காலியிடத்தில் எல்லாம் தண்ணீர் பாட்டிலை உறைய வையுங்கள், குளிரும் நீடிக்கும், பிறகு குடிக்கவும் ஆகும். ஏடிஎம் வேலை செய்யாது, கொஞ்சம் சில்லறை நோட்டு. கார் டேங்க் நிறைந்திருக்கட்டும். செல்போனை சார்ஜ் செய்ய பவர் பேங்க். பேட்டரி ரேடியோ ஒன்று. மெழுகுவத்தி வேண்டாம், டார்ச் போதும்.

புயல் அடிக்கும்போது செய்ய அதிகம் இல்லை. ஜன்னல் இல்லாத உள்ளறை, கீழ்த்தளம். ஒரு மெத்தை, எல்லோர் காலிலும் செருப்புக்குப் பதில் ஷூ. பையனுக்குச் சைக்கிள் ஹெல்மெட் இருந்தால் போடுங்கள். செல்போனில் அவசர எச்சரிக்கை ஒலியை அணைக்காதீர்கள், ஏனென்றால் இந்தப் புயல்கள் வெகுதூரத்திலும் டொர்னேடோவை, அதாவது குறுகிய இடத்தைச் சூறையாடும் சுழல்காற்றை, கிளப்பும். மில்டன் மேற்குக் கரையை எட்டும் முன்பே, கிழக்குக் கரையில் செயின்ட் லூசி கவுண்டியில் டொர்னேடோவால் 6 பேர் இறந்தார்கள். திடீரென்று காற்று நின்று வானம் தெளிந்தால் கதவைத் திறக்க வேண்டாம். அது புயலின் கண்ணாக இருக்கலாம், அடுத்த காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் மேல்தளத்துக்குப் போங்கள், ஆனால் வெளியேற வழியில்லாத பரணுக்குள் ஏறாதீர்கள். கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸில் பலர் அப்படித்தான் பரணிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

ஆபத்தான கட்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஜெனரேட்டர் வாங்கியே ஆகவேண்டுமா என்று யோசியுங்கள். வாங்கினால் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள். கராஜில் கதவைத் திறந்து வைத்து ஓட்டுவதும் கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2020-ல் லாரா புயல் கடந்த பிறகு லூசியானாவில் இறந்தவர்களில் கணிசமானோர் இப்படி ஜெனரேட்டர் புகையில் போனவர்கள். பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்று படுக்கையறைப் பக்கம் இருக்கட்டும். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவதும் இதே கதைதான்.

தேங்கிய தண்ணீரில் கார் ஓட்டாதீர்கள். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தால் சின்னக் காரை நகர்த்தும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும். அம்மாவை அந்தத் தண்ணீரில் கால் வைக்கவே விடாதீர்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்றொரு பாக்டீரியா உண்டு. இயனுக்கும் ஹெலீனுக்கும் பிறகு புளோரிடாவில் அதனால் தொற்று கூடியது. சின்னக் காயம் வழியாக உள்ளே போகும், சர்க்கரையும் கல்லீரல் கோளாறும் உள்ளவர்களை வேகமாக வீழ்த்தும். காயம் பட்டு, சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவமனை.

கடைசியாகத் தாள்கள். பாஸ்போர்ட், விசா, ஐ-797 (விசா அனுமதிக் கடிதம்), ஐ-94 (நுழைவுப் பதிவு), பையனின் பிறப்புச் சான்று, அம்மாவின் பயணக் காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டுக்கொள்ளுங்கள். அசல் தண்ணீர் புகாத உறையில், இன்சுலின் பையோடு. நகையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வங்கி லாக்கர் திருடனுக்குத்தான் பூட்டு, வெள்ளத்துக்கு இல்லை. கிளம்பும் முன் செல்போனில் வீடு முழுக்க ஒரு வீடியோ, அலமாரிக் கதவுகளையும் திறந்து காட்டி. வாடகைதாரர் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அரசின் வெள்ளக் காப்பீட்டில் வீட்டுச் சாமானுக்கு மட்டும் ஒரு லட்சம் டாலர் வரை எடுக்கலாம். ஆனால் எடுத்த 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். இந்தப் புயலுக்கு அது உதவாது. பருவம் நவம்பர் 30 வரை இருப்பதால் எடுப்பது வீணும் இல்லை.

நம்மவர்கள் பலர் தவறவிடுவது ஃபீமா உதவி. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்கு அந்த ரொக்க உதவி கிடையாது என்பது சரி. ஆனால் உங்கள் பையன் இங்கே பிறந்த அமெரிக்கக் குடிமகன் என்றால், அவன் பெயரில், அவனுடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்து நீங்கள் விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு உள்ளவர்கள் தங்கள் பெயரிலேயே போடலாம். பேரிடர் அறிவிப்பு வந்த நாளிலிருந்து வழக்கமாக 60 நாள் அவகாசம். தங்குமிடம், சாப்பாடு, தண்ணீர் போன்ற அவசர உதவிக்கு விசா நிலை ஒரு நிபந்தனையே இல்லை; அம்மா சுற்றுலா விசாவில் இருக்கிறார் என்பதற்காகத் தங்குமிடத்துக்குப் போகத் தயங்க வேண்டாம்.